மேசைக்கு அடியில் இருபது நிமிடம்

"திறக்க மாட்டேங்குதே," என்றார் விசாரணை அதிகாரி.

கணினித் திரையின் நடுவில் ஒரு சாம்பல் நிறக் கட்டம் வந்து நின்றது. இந்தக் கோப்பு எந்த வகை என்று தெரியவில்லை என்றது அது. எதிரே நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்த குமாஸ்தாவுக்கு, தன்னையே பார்த்து அப்படிச் சொன்னதுபோல் இருந்தது.

குடிநீர் வாரியத்தின் புகார் கவுன்டரில் அவருக்குப் பதினோரு வருஷம். போன செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்குத் தலைமையகத்துப் பெரிய அதிகாரி ஒருவர் சொல்லாமல் வந்தார். இருபது நிமிடம் காலி நாற்காலியை முறைத்துப் பார்த்தார். 'கவுன்டரில் ஆள் இல்லை' என்று எழுதிவைத்துவிட்டுப் போனார். அதன் பேரில்தான் இந்த விசாரணை.

ஆள் இருந்தார். தேதி முத்திரை கீழே விழுந்து, அதன் எண் சக்கரங்கள் மேசைக்கு அடியில் சிதறிவிட்டன. குமாஸ்தா குந்தியபடி பொறுக்கிக்கொண்டிருந்தபோது, பளபளவென்று இரண்டு காலணிகள் வந்து நின்றன. அந்தக் காலணிகளுக்கு முன்னால் மேசைக்கு அடியிலிருந்து முளைத்து எழுவதற்கு அவருக்குக் கூச்சமாக இருந்தது. காலணிகள் போகட்டும் என்று காத்திருந்தார். காலணிகளும் ஆள் வரட்டும் என்று காத்திருந்தன.

நல்லவேளையாக, கவுன்டருக்குப் பின்னால் சுவரில் ஒரு கேமரா இருந்தது. அதன் பதிவைத்தான் பென் டிரைவில் கொண்டுவந்திருந்தார். வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் விசாரணை நல்லபடியாக முடிந்தால் அவர் கண்காணிப்பாளர். முடியாவிட்டால் பதவி உயர்வு, பட்டியலில் அடுத்திருப்பவருக்கு. அன்று திங்கட்கிழமை.

"டிவியில போட்டா ஓடுமா இது?" என்று கேட்டார் அதிகாரி.

எதற்கு டிவி என்று குமாஸ்தாவுக்குப் புரியவில்லை. ஆனால் கேள்வி கேட்கும் இடத்தில் அவர் இல்லை. நாளைக்கே ஓடும்படி செய்து கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டு எழுந்தார்.

வீட்டில் மனைவி விஷயத்தைக் கேட்டுவிட்டு, இதெல்லாம் ஒரு பிரச்சினையா என்றாள். கோப்பின் பெயருக்குப் பின்னால் புள்ளி வைத்து மூன்று எழுத்து ஒட்டியிருந்தது. அதை அழித்துவிட்டு 'எம்பி4' என்று அடித்தாள். "இப்போ ஓடும் பாருங்க."

மறுநாள் அது ஓடவில்லை. கணினி பத்து நிமிடம் பெருமூச்சு விட்டு அப்படியே உறைந்துபோனது. அதிகாரி தன் குறிப்பேட்டைத் திறந்து, 'பெயரை மட்டும் மாற்றினால் பயனில்லை' என்று எழுதிக்கொண்டார். பிறகு நிமிர்ந்து, சாட்சியத்தின் பெயரைத் திருத்தியது தனிக் குற்றம் தெரியுமா என்று மெல்லிய குரலில் கேட்டார்.

ஒரு குற்றச்சாட்டோடு உள்ளே வந்தவர், இரண்டோடு வெளியே போனார்.

நேராகக் கல்யாண வீடியோ எடுக்கும் ஸ்டுடியோவுக்கு ஓடினார். அங்கிருந்த எடிட்டர் முழுக்கதையையும் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"எம்பி4ங்கறது வெறும் டப்பா சார். உப்பு டப்பா மேல சர்க்கரைன்னு எழுதி ஒட்டினா காபி இனிக்குமா? உள்ள இருக்கற சரக்கையே மாத்தணும்."

மாற்றிக் கொடுத்தார். புதன்கிழமை படம் ஓடியது. ஓடியது என்றால், உண்மையாகவே ஓடியது. கேமரா விநாடிக்கு ஆறு படம் எடுத்திருந்தது. எடிட்டரின் மென்பொருள் விநாடிக்கு இருபத்து நான்காக அதை விரட்டியது. திரையில் குமாஸ்தா மேசைக்கு அடியில் எலிபோல் அங்குமிங்கும் துடித்தார். ஐந்து நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிட்டது.

அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். "இதுல அஞ்சு நிமிஷம்தான் இருக்கீங்க. மீதி பதினஞ்சு நிமிஷம் எங்க போனீங்க?"

குமாஸ்தா விநாடிக்கு எத்தனை படம் என்பதை விளக்க ஆரம்பித்தார். தன் குரல் தனக்கே பொய் மாதிரி கேட்டது. அதிகாரியோ ஒவ்வொரு எண்ணையும் குறிப்பேட்டில் ஏற்றிக்கொண்டிருந்தார். ஒரு எண்ணைத் திரும்பச் சொல்லச் சொல்லி, அடிக்கோடும் போட்டார். போகும்போது இன்னொரு குறையும் வந்தது. படம் டிவியை முழுதாக நிரப்பவில்லையாம், இரண்டு பக்கமும் கறுப்பாக இருக்கிறதாம்.

எடிட்டர் வேகத்தைச் சரிசெய்தார். திரையை நிரப்புவதற்காகப் படத்தைப் பெரிதாக்கி, மேலேயும் கீழேயும் வெட்டினார். வியாழக்கிழமை அலுவலக டிவியில் அது துல்லியமாக ஓடியது. மேசை, நாற்காலி, சுவர்க் கடிகாரம், அப்பால் நின்ற பெரிய அதிகாரியின் மார்பு. கீழே வெட்டியதில் மேசைக்கு அடியில் இருந்தது மொத்தமும் போய்விட்டது. இருபது நிமிடமும், கண்ணாடிபோன்ற தெளிவில், காலி நாற்காலி.

மூலையில் தட்டச்சுக்காரப் பெண்மணி எதையோ தட்டிக்கொண்டிருந்தார்.

"நீங்களே உங்களுக்கு எதிரா சாட்சி கொண்டுவந்திருக்கீங்க," என்றார் அதிகாரி. "நாளைக்குக் கடைசி நாள். அப்புறம், சத்தம் ஏன் வரலை?"

"அந்தக் கேமராவுக்கு மைக் கிடையாதுங்க ஐயா."

"அது இருக்கட்டும். சத்தத்தோட சேர்ந்து ஓடற மாதிரி வேணும்."

அன்று குமாஸ்தாவுக்குச் சோறு இறங்கவில்லை. இல்லாத சத்தத்தை எங்கிருந்து கொண்டுவருவது? மேசைக்கு அடியில் தான் மூச்சுவிட்ட சத்தத்தை இனிமேல் போய் மூச்சுவிட்டுப் பதிவு செய்தால், அது மூன்றாவது குற்றமாகிவிடாதா? பேசாமல் அன்றைக்கே எழுந்து நின்று வணக்கம் சொல்லித் தொலைத்திருக்கலாமே என்றாள் மனைவி.

வெள்ளிக்கிழமை காலை எடிட்டர் கடைசியாக ஒரு கோப்பு செய்துகொடுத்தார். டப்பா எம்பி4. சரக்கு, எந்த டிவிக்கும் ஒத்துக்கொள்ளும் ரகம். வேகம் அசல். இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை, ஆனால் நடுவில் ஆள் முழுசாக இருந்தார். சத்தத்துக்கு என்ன செய்வது என்று தெரியாமல், கல்யாண வீடியோக்களில் போடும் புல்லாங்குழலைச் சேர்த்துவிட்டிருந்தார்.

பென் டிரைவை டிவியில் செருகும்போது மணி நாலு இருபது. குமாஸ்தா கண்களை மூடிக்கொண்டார். புல்லாங்குழல் எழுந்தது. கண்ணைத் திறந்தபோது, மனதை உருக்கும் இசைக்கு நடுவே ஒரு நடுத்தர வயது மனிதர் மேசைக்கு அடியில் குந்தி, இரண்டு காலணிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். இருபது நிமிடமும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஓடுது," என்றார் அதிகாரி. அவர் கண்கள் கலங்கியிருந்தன. "சத்தத்தோட ஓடுது."

எந்தக் கடையில், எந்த மென்பொருளில், எந்த அளவுகளில் மாற்றியது என்று வரிசையாகக் கேட்டு எழுதிக்கொண்டார். எடிட்டரின் தொலைபேசி எண்ணையும் வாங்கினார். குமாஸ்தாவின் கையைப் பிடித்து அழுத்தமாகக் குலுக்கிவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கி ஓடியே போனார்.

விசாரணை முடிந்ததா இல்லையா என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சுவர்க் கடிகாரம் நாலு ஐம்பதைக் காட்டியது. குமாஸ்தா தட்டச்சுக்காரப் பெண்மணியின் மேசைக்குப் போய், அறிக்கையை ஐந்து மணிக்குள் அனுப்ப யாராவது இருக்கிறார்களா என்று கெஞ்சும் குரலில் கேட்டார்.

அவர் விசையிலிருந்து கையை எடுக்காமலே சொன்னார்:

"திங்கட்கிழமை நீங்க அந்தப் பக்கம் போனதுமே ஐயா கேமரா ரூமுக்குப் போய் நேரா மெஷின்லயே பார்த்து, உங்க மேல தப்பில்லைன்னு கையெழுத்துப் போட்டு அனுப்பிட்டாரு சார்; அவரோட பேத்தி ஸ்கூல் நாடகத்துல மரமா நின்னு ஒரே ஒரு வசனம் பேசின வீடியோ வீட்டு டிவியில ஓட மாட்டேங்குதாம், அதுக்குத்தான் இந்த நாலு நாளும் உங்களை வரவழைச்சாரு."