முன்வாசலுக்கு நாற்காலி கொணர்ந்த படலம்

முதுகலை முடித்த எண்ணூறு பேர் எழுதிய தேர்வில் மிஞ்சிய எட்டுப் பேரில் ஒருத்தி, ஆஸ்பத்திரி நிர்வாகத் தலைமைக்கான ‘ஃபெல்லோஷிப்’ பயிற்சிக்கு வந்து சேர்ந்தவள், அடையாள அட்டை கேடயமென மார்பில் அசைய, லேப்டாப்பை உறையிட்ட வாளென அணைத்து நடப்பவள், வார்டுகள் யாவும் ‘ஃபெல்லோ மேடம்’ என்று விளிக்கும் அந்த வீராங்கனை வாழ்க. தானே திறந்து தானே மூடும் முன்வாசல் கண்ணாடிக் கதவே, அவளுக்குக் காப்பாய் நில். நான்காம் மாடியில் மட்டும் நிற்க மறுக்கும் லிஃப்டே, இன்று ஒரு நாள் மனம் இளகு.

போரின் காரணத்தை முதலில் விளக்கிவிடுவோம். இப்பயிற்சியில் மூன்று மாதத்துக்கு ஒரு துறை. அடுத்தது அவள் கனவில் ஒளிரும் அவசர சிகிச்சைப் பிரிவா, பழைய கேஸ் ஷீட்டுகள் தூசிப் போர்வையில் துயிலும் அடித்தளப் பதிவேட்டு அறையா என்பதை டைரக்டர் ஒரு சிறு பணி தந்து தீர்மானிப்பார். இவளுக்கு வாய்த்த பணி இது: வெள்ளிக்கிழமை பத்து மணிக்குமேல் வந்திறங்கும், நடக்க முடியாத முதல் நோயாளி, ஐந்து நிமிடத்துக்குள் சக்கர நாற்காலியில் அமர வேண்டும்.

ஆஸ்பத்திரியில் நாற்காலிகள் நாற்பது. முன்வாசலில் பூஜ்யம். இதன் சூட்சுமம் அழகானது. முன்வாசலில் புறப்படும் நாற்காலி வார்டுக்குப் போகிறது, வார்டிலிருந்து எக்ஸ்ரேக்குப் போகிறது. அங்கே நோயாளி எழுந்து உள்ளே போன கணத்தில் அது அநாதை. எந்த வார்டின் ஊழியர் கண்ணில் படுகிறதோ அவருடன் போய்விடும். ஒருமுறை பறிகொடுத்த வார்டு மறுமுறை ஒளித்துவைக்கிறது. ஒளிப்பதால் பஞ்சம், பஞ்சத்தால் மேலும் ஒளிப்பு. இதையெல்லாம் அவள் நாற்பத்திரண்டு ஸ்லைடுகளில் அம்புக்குறிகளோடு வரைந்திருந்தாள். அம்புகள் ஒன்றுகூடக் குறி தவறவில்லை. நாற்காலிதான் வரவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஆறு நாற்காலிகளைத் திரட்டி, தேர்ப்படையை அணிவகுக்கும் தளபதிபோல முன்வாசலில் நிறுத்தினாள். ஒன்பது நாற்பதுக்கு, டீ குடித்துத் திரும்பிய அவ்வீராங்கனை கண்டது சக்கரத் தடங்களை மட்டுமே.

சினந்தெழுந்தாள். பிரசவ வார்டின் குளியலறையில் ஒன்றைக் கண்டாள். அதன்மேல் மலைபோல் குவிந்திருந்தன ஈரத் துணிகள். குழந்தைகள் வார்டில் ஒன்றைக் கண்டாள். அதற்கு ஒரு சக்கரம் இல்லை. படி தாவி, லிஃப்டை வெறுத்து, மூச்சு வாங்க நான்காம் மாடி எலும்பு வார்டை அடைந்தாள். அங்கே, கட்டில் காலோடு சைக்கிள் பூட்டால் பிணைக்கப்பட்டு, சிறைப்பட்ட இளவரசிபோல் பளபளத்தது பழுதில்லாத ஒன்று. சாவி, எலும்பு வார்டு சிஸ்டரின் இடுப்பில்.

“சிஸ்டர், பத்தே நிமிஷம். எக்ஸ்ரே முடிஞ்சதும் நானே கொண்டு வந்துடறேன்.”

“போன மாசமும் இப்படித்தான் ஒருத்தர் சொன்னாரு. எக்ஸ்ரேக்குப் போன வீல்சேர் வெளிநாடு போன மாப்பிள்ளை மாதிரி மேடம். போன்கூட வராது.”

“எழுதித் தரட்டுமா?”

“காகிதத்துல நோயாளிய உக்கார வச்சுத் தள்ள முடியாது. திரும்பி வந்து கேக்கற மாதிரி எதையாவது வச்சிட்டுப் போங்க.”

நாற்பத்திரண்டு ஸ்லைடுகளிலும் இல்லாத ஞானம் அக்கணம் அவள் நெஞ்சில் மின்னலெனப் பாய்ந்தது. நம்பிக்கையை அறிக்கையால் கேட்கக்கூடாது, எதையாவது விட்டுச்சென்று கேட்க வேண்டும். தன் வாளை, தன் ஸ்லைடுகளின் கருவூலத்தை, அந்த லேப்டாப்பை மேசைமேல் வைத்தாள். சிஸ்டர் அதை டிராயரில் பூட்டிவிட்டு, சாவியை அவிழ்த்தார்.

மனம் இளகிய லிஃப்ட் நான்காம் மாடியில் நின்றது. கடகடவென உருண்ட அத்தேர் முன்வாசலை எட்டியபோது மணி பத்து நான்கு. டைரக்டர் கையில் ஸ்டாப்வாட்ச். ஆட்டோவிலிருந்து அப்போதுதான் இறங்கியிருந்தார், வீங்கிய காலோடு ஒரு பெரியவர். உடன் அவர் மனைவி.

“ஏணில ஏறாதீங்கன்னு சொன்னேன். கேட்டாரா? பல்பும் மாட்டல, காலும் போச்சு” என்று அந்த அம்மாள் வாசலுக்கே அறிவித்தார்.

“பாதி மாட்டிட்டேன்டி” என்றபடி பெரியவர் நாற்காலியில் சாய்ந்தார்.

“ஒரு நிமிஷம் பத்து செகண்ட். அடுத்த மூணு மாசம் எமர்ஜென்சி” என்றார் டைரக்டர். “ஸ்லைடு எங்கம்மா?”

“எலும்பு வார்டுல பிணைக்கு இருக்கு சார். நாற்காலி எடுக்கறவங்க அடையாள அட்டைய வச்சிட்டு எடுக்கணும், திருப்பிக் கொடுத்து வாங்கிக்கணும். நாப்பத்திரண்டுலயும் சொல்ல வந்தது இவ்வளவுதான்.”

முரசுகள் அதிர்க, சங்குகள் முழங்குக, நாற்பது தேர்களும் தத்தம் கொட்டிலுக்குத் திரும்பும் பொற்காலம் விடிக என்று முன்வாசல் கண்ணாடிக் கதவு தானே திறந்து தானே மூடி வாழ்த்த, வெற்றித்திருமகள் தோளில் அமர, அவ்வீராங்கனை தன் வாளை மீட்க எண்ணி, பெரியவரைத் தள்ளிக்கொண்டு போன ஊழியரின் தடம் பற்றி எக்ஸ்ரே வாசலை அடைந்தாள்.

பெரியவர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார், நாற்காலியை யாரோ எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள்.