மூத்த மாப்பிள்ளை வாங்கிய யுகுலேலே

ஒரு வீட்டுக்கு ஒரே மாப்பிள்ளையாக இருக்கிறவரைக்கும் எல்லா ஆண்களும் பெருந்தன்மையானவர்கள்தான். இரண்டாவது மாப்பிள்ளை வந்து சேர்ந்த பிறகுதான் நம் குணம் நமக்கே தெரியவரும்.

பரமக்குடியில் என் மாமனார் வீட்டில் நான் பல வருடம் ஒரே மாப்பிள்ளையாக ராஜ்ஜியம் செய்தவன். நான் உள்ளே நுழைந்தால் டேபிள் ஃபேன் என் பக்கம் திரும்பும். நண்டு வாங்க ஆள் கிளம்பும். நான் சொல்லும் மொக்கை ஜோக்குக்கெல்லாம் மாமனார் தொடையைத் தட்டிச் சிரிப்பார். (வேறு மாப்பிள்ளை கிடையாது, பாவம், அவரும் என்னதான் செய்வார்?) பிறகு என் மனைவி செல்வியின் தங்கை மலருக்குக் கல்யாணம் ஆனது. கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற சரவணன் எனக்குச் சகலையாக வந்து சேர்ந்தான். மறுவீட்டு விருந்துக்கு வந்தவன் தோளில் ஒரு கறுப்புப் பை. சாப்பாடு முடிந்ததும் அதைத் திறந்து, கிட்டார் குட்டி போட்டதுபோல் ஒன்றை வெளியே எடுத்தான்.

"இதுக்குப் பேரு யுகுலேலே அண்ணே. நாலே நரம்புதான், கத்துக்கிறது ஈசி" என்றான் என்னிடம், மிகுந்த மரியாதையாக.

அந்த மரியாதையைத்தான் என்னால் தாங்கிக்கொள்ள முடியவில்லை. திமிர் பிடித்தவனாக இருந்தால் நிம்மதியாக வெறுத்துவிட்டுப் போயிருக்கலாம். இவனோ சாப்பிட்ட இலையைத் தானே எடுக்கிறான், மாமியாருக்கு மாத்திரை ஞாபகப்படுத்துகிறான், என்னைப் பார்த்தால் எழுந்து நிற்கிறான்.

வாசித்தான். மாமனார் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டினார். மாமியார் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். (நான் பேசும்போது அந்த அடுப்பு ஒரு தடவைகூட அணைந்தது கிடையாது.) யாரோ ஃபேனை அவன் பக்கம் திருப்பி வைத்தார்கள்.

அதையெல்லாம்கூட மன்னித்துவிடலாம். இரண்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த என் மகள் தேன்மொழி, அவன் முழங்காலில் மோவாயை ஊன்றிக்கொண்டு, வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தாள். ராமநாதபுரம் திரும்புகிற பஸ்ஸில் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"அப்பா, சித்தப்பாவுக்கு வாசிக்கத் தெரியுது. ஒனக்கு என்னப்பா தெரியும்?"

"எனக்கு டிராக்டரப் பத்தி எல்லாம் தெரியும்டா."

"டிராக்டர்ல பாட்டு வருமா?"

செல்வி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது.

சில மாதம் கழித்து மாமனாருக்கு அறுபதாம் கல்யாணம் நிச்சயமானது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு சரவணன் வாசிப்பான் என்று மாமியார் ஊரெல்லாம் சொல்லிவைத்தார். அன்றைக்கே நான் முடிவெடுத்தேன். அவன் வாசித்து முடித்ததும் நான் எழுந்து வாசிப்பேன். கூட்டம் வாயடைத்துப் போகும். தேன்மொழி என் முழங்காலைத் தேடி ஓடி வருவாள்.

ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில், கீழக்கரையைச் சேர்ந்த ஜமால் பாய் ஓர் இசைக்கருவிக் கடை வைத்திருந்தார். பேண்டு செட் டிரம், ஆர்மோனியம், தோல் மாற்ற வந்த தவில் என்று காலை வைக்க இடமிருக்காது.

"பாய், யுகுலேலே இருக்கா? வெல கம்மியா."

"இருக்கு தம்பி. புள்ளைக்கா?"

"எனக்குத்தான்."

பாய் என் வயிற்றைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அந்தச் சின்னச் சாமான் இதன்மேல் எங்கே உட்காரும் என்று மனதுக்குள் அளந்திருப்பார். மூன்றை எடுத்து வைத்தார். ஒன்று மர நிறம், ஒன்று கறுப்பு, ஒன்று பளிச்சென்ற நீலம்.

"மரக்கலர எடுத்துக்கங்க. நீலத்துல பெயிண்ட அப்பி வச்சிருக்கான், சத்தம் அமுங்கும்."

சரவணனுடையது மர நிறம். ஆகவே நான் நீலத்தைத் தூக்கினேன்.

"சரி, ஒங்க இஷ்டம். கம்பி ஒசரமா நிக்கிது பாருங்க, அழுத்துனா வெரலு பிஞ்சிரும். வச்சுட்டுப் போங்க, செட்டிங் பண்ணித் தாரேன்."

"நானே பண்ணிக்குவேன் பாய். நான் டிராக்டர் ஷோரூம்ல இருக்கேன்."

(டிராக்டர் ஷோரூமில் நான் உதிரிபாக கவுண்டரில் பில் போடுகிறவன். என் கையில் இருக்கும் ஒரே ஆயுதம் பால்பாயின்ட் பேனா.)

யுகுலேலேயைப் பரண்மேல் பழைய கோரைப்பாய்க்குள் சுருட்டி ஒளித்தேன். செல்வி வீட்டில் இல்லாத சமயம் பார்த்து மொட்டைமாடிக்குக் கொண்டுபோய், தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்து, செல்போனில் வீடியோ பார்த்துச் செட்டிங்கில் இறங்கினேன். நரம்பெல்லாம் ஏறி உட்காருகிற வெள்ளைப் பிளாஸ்டிக் துண்டு ஒன்று கீழே இருக்கும். அதன் அடியைக் கொஞ்சம் தேய்த்தால் நரம்பு இறங்கும், விரல் வலிக்காது என்றார் வீடியோக்காரர். கொஞ்சம் என்றால் எவ்வளவு என்று கேட்குமுன் நான் உப்புத்தாளால் பாதியைத் தேய்த்து முடித்திருந்தேன். நரம்புகள் அப்படியே பலகையில் படுத்துக்கொண்டன. தட்டினால் கொசு கத்துகிற சத்தம். சரி, தூக்கிவிடுவோம் என்று தீக்குச்சியை ஒடித்து அடியில் சொருகினேன். இப்போது கடையில் இருந்ததைவிட உயரமாகிவிட்டது. ஆனாலும் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரே ஒரு பாட்டைப் பழகினேன். விரல் நுனியெல்லாம் கொப்புளம். "என்னங்க இது?" என்று செல்வி கேட்டதற்கு, "பில் போட்டுப் போட்டு" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை விசேஷம். வெள்ளிக்கிழமை மதியம், மேலே நீட்டிக்கொண்டிருந்த நரம்பு வால்களை அழகாக வெட்டிவிடலாம் என்று கத்தரியை எடுத்தேன். வெட்டினேன். வாலை விட்டுவிட்டு நரம்பை.

ஜும்ஆ தொழுகை நேரம், பாய் கடை சாத்தியிருந்தது. சாயங்காலம் வரை பொறுத்திருக்கலாம். (வயிற்றெரிச்சல் சாயங்காலம் வரை பொறுக்காது.) மீன் பிடிக்கிற நைலான் தங்கூசியைக்கூட இதில் கட்டலாம் என்று அதே வீடியோவில் கேட்ட ஞாபகம். ஸ்கூட்டரை மண்டபம் கடற்கரைக்கு விட்டேன். அங்கே வலைச்சாமான் கடைக்காரர் ஒருவர் தங்கூசிச் சுருள்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார்.

"எந்த மீனுக்குண்ணே?"

"மீனுக்கில்ல. பாட்டுக்கு."

"பாட்டா?" அவர் யோசித்தார். "இங்கன அப்பிடி ஒரு மீன் வாரதில்லையே. ராமேஸ்வரம் பக்கம் கெடைக்கிதா?"

விளக்கம் சொல்ல வெட்கமாக இருந்தது. "பெரிய மீனுக்குக் குடுங்க" என்றேன். பெரிசாக இருந்தால் சத்தமும் பெரிசாக வரும், சரவணன் சத்தம் அமுங்கும் என்று ஒரு கணக்கு. சீலா மீன் இழுத்தாலும் அறாத தங்கூசியைக் கொடுத்தார். சனிக்கிழமை நாலு நரம்பையும் அதிலேயே கட்டினேன். ஒன்றும் சுருதி ஏறவில்லை. கல்யாண மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்ததும் முறுக்கிக்கொள்ளலாம் என்று பையில் போட்டுக்கொண்டேன்.

அறுபதாம் கல்யாணம் நன்றாக நடந்தது. சாப்பாடு முடிந்து சரவணன் மேடையேறி வாசித்தான். கல்யாண மண்டபமே கைதட்டியது. அதுவரை கையை இறுகக் கட்டிக்கொண்டிருந்தேன். தேன்மொழி ஓடிப்போய் அவனுக்குத் தண்ணீர் கொடுத்தாள் பாருங்கள், அதற்குமேல் என்னால் உட்கார முடியவில்லை.

"நானும் வாசிக்கப் போறேன்" என்று எழுந்தேன்.

சந்தனக் கிண்ணத்தோடு போய்க்கொண்டிருந்த செல்வி நின்றுவிட்டாள். "எதை?" என்றாள்.

நீல யுகுலேலேயை வெளியே எடுத்தேன். சரவணனின் முகம் மலர்ந்துபோனது. (பொய்ச் சந்தோஷமாக இருக்கும் என்று உற்றுப் பார்த்தேன். இல்லை, படுபாவிக்கு நிஜமாகவே சந்தோஷம்.)

"அண்ணே, சொல்லவே இல்ல! குடுங்க, நான் சுருதி சேத்துத் தாரேன்." தொட்டுப் பார்த்தவன் குரலைத் தாழ்த்தினான். "இது என்ன நரம்புண்ணே, இம்புட்டு மொத்தமா இருக்கு? இதைச் சுருதிக்கு இழுத்தா பிரிட்ஜ் பிஞ்சு வந்துரும்."

நரம்புகளைக் கீழே முடிச்சுப்போட்டு வைத்திருக்கிற மரத்துண்டுக்குத்தான் பிரிட்ஜ் என்று பெயர். பசை போட்டு ஒட்டியிருப்பார்கள்.

"எனக்குத் தெரியும் தம்பி. நீங்க போய் உக்காருங்க."

முறுக்கினேன். செல்போன் ஆப், சுருதி போதாது என்றது. இன்னும் முறுக்கினேன். போதாது என்றது. உள்ளே எங்கோ கதவு திறக்கிற மாதிரி ஒரு முனகல் கேட்டது. நல்ல மரம் என்றால் பேசத்தான் செய்யும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒருவழியாகச் சுருதி ஏறியது. நிமிர்ந்தேன். தேன்மொழி முன்வரிசைக்கு வந்து நின்றிருந்தாள். அவள் என்னை அப்படிப் பார்த்து நான் பார்த்ததே இல்லை. என் அப்பா, என்று முகத்தில் எழுதியிருந்தது.

கருவியைத் தூக்கி மார்போடு அணைத்து, குனிந்து, முதல் மீட்டு மீட்டினேன். சத்தியமாகச் சொல்கிறேன், நன்றாக இருந்தது. இரண்டாவது மீட்டுக்குக் கை இறங்கியபோது "டக்" என்று ஒரு சத்தம். பிரிட்ஜ் பெயர்ந்து, நாலு தங்கூசியும் சேர்ந்து இழுத்த இழுப்பில் மேலே பறந்து, குனிந்திருந்த என் மேலுதட்டில் வந்து அறைந்தது.

கூட்டம் முழுக்க என் உதட்டையே பார்த்தது. ஏதாவது சொல்லியாக வேண்டுமே. வீங்கிக்கொண்டிருந்த உதட்டை வைத்துக்கொண்டு மைக்கில் சொன்னேன்:

"ஒண்ணுமில்ல. பிரிட்ஜ் தூக்கிருச்சு. செட்டிங் கொஞ்சம்..."

மாலையும் கழுத்துமாக உட்கார்ந்திருந்த மாமனார்தான் ஆரம்பித்துவைத்தார். "பாம்பன் பாலங்கூட இப்பிடித் தூக்கி நான் பாத்ததில்ல மாப்பிள்ளை!" என்று தொடையைத் தட்டினார். அவ்வளவுதான், மண்டபம் முழுக்கச் சிரித்தது. மாமியார் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சமையற்கட்டுக்குள் ஓடினார். சிரிக்காத ஒரே ஆள் சரவணன். ஜூஸ் போடுகிற இடத்தில் ஐஸ்கட்டி வாங்கி, தன் கைக்குட்டையில் சுற்றி எடுத்துக்கொண்டு ஓடி வந்தான். (அதுதான் அடியைவிட அதிகமாக வலித்தது.)

அதற்குள் தேன்மொழி மேடையேறி என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். ஐஸ்கட்டியை அவன் கையிலிருந்து வாங்கி, "நான் வைக்கிறேன் சித்தப்பா, நீங்க போங்க" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "வலிக்குதாப்பா?" என்றாள்.

வலித்தது. ஆனால் 'நீங்க போங்க' என்று அவள் அவனைப் பார்த்துச் சொன்னாள் அல்லவா, அந்தச் சுகத்துக்கு இன்னொரு உதடு இருந்தால் அதையும் கொடுத்திருப்பேன்.

சரவணன் யுகுலேலேயைக் கோயம்புத்தூர் கொண்டுபோய், பிரிட்ஜை ஒட்டி, வெள்ளைத் துண்டையும் நரம்பையும் மாற்றித் தேன்மொழிக்கு அனுப்பிவைத்தான். இப்போது அவள் அதில் அழகாக வாசிக்கிறாள். எனக்குத் தொட அனுமதி இல்லை.

எங்கள் குடும்பத்தில் 'செட்டிங்' என்ற சொல்லுக்கு அன்றிலிருந்து வேறு அர்த்தம். குழம்பு தீய்ந்தால், "செட்டிங் ஆயிருச்சு" என்பார்கள். நான் ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுத்தால், "செட்டிங் பண்ணிராதீக" என்று செல்வி உள்ளேயிருந்தே குரல் கொடுப்பாள்.

போன பொங்கலுக்குப் பரமக்குடியில் கூடியிருந்தோம். மாமியாரின் மிக்ஸி ஓடவில்லை. நான் பார்க்கிறேன் என்று சரவணன் பிரித்தான். திரும்பப் பூட்டி ஸ்விட்சைப் போட்டதும் பட்டென்று வெடித்துப் புகை வந்தது. கரண்டும் போனது. ஜாரில் இருந்த தேங்காய்ச் சட்னி முழுக்க அவன் சட்டையில். எனக்கு அன்றைக்குத்தான் பொங்கல். இனிமேல் இந்த வீட்டில் எது கெட்டாலும் அவன் பெயரைச் சொல்லித்தான் சிரிப்பார்கள் என்று, முகத்தைத் துக்கமாக வைத்துக்கொண்டு, மாமியார் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

மாமியார் அவன் சட்டையைத் துடைத்துவிட்டபடி சொன்னார்:

"விடுங்க தம்பி. மூத்த மாப்பிள்ளையோட பழகிப் பழகி, ஒங்களுக்கும் செட்டிங் தொத்திருச்சு."