பவுடர் பூசாத புதன்கிழமை

கோயமுத்தூரில் பவுடர் அக்காவின் நிஜ முகத்தைப் பார்த்தவர் ஒருவரும் கிடையாது. தொண்ணூறுகளில் நான் டைப்பிஸ்ட்டாக இருந்த நூற்பாலை ஆபீசில் தபால் பிரிவு அவருடையது. காலை ஒன்பது மணிக்கு முதலில் வாசனை வரும். பிறகு ஒரு வெள்ளை மேகம் வரும். அதற்குள்ளிருந்து, "ஏனுங்க, எல்லாரும் சாப்ட்டீங்களா?" என்று குரல் வரும்.

டப்பா கைப்பையிலேயே இருக்கும். மேசை டிராயர் சிக்கினால் பவுடர். மானேஜருக்கு வியர்க்குரு வந்தால் பவுடர். ஒருமுறை என் டைப்ரைட்டர் மக்கர் செய்ததென்று, நான் டீ குடிக்கப் போன நேரத்தில் அதற்கும் தூவிவிட்டார். பழுது பார்க்க சோமனூரிலிருந்து வந்தவர் இரண்டு நாள் தும்மினார்.

அப்போதுதான் டாக்டர் என்னை மார்பகப் பரிசோதனைக்கு எக்ஸ்ரே படம் எடுத்துக்கொள்ளச் சொன்னார். முந்தின வருடம் என் தங்கை மார்பகப் புற்றுநோயில் போயிருந்தாள். அதிலிருந்து குளிக்கும்போது நெஞ்சில் சோப்புப் போடுவதைக்கூட விட்டுவிட்டேன். ஆஸ்பத்திரியில் கொடுத்த முதல் தேதிக்குக் காரமடைத் தேர்த்திருவிழா என்று சாக்குச் சொன்னேன். இரண்டாவது தேதிக்கு மழை என்றேன். அன்று பெய்தது நாலே துளி.

மூன்றாவதாக ஒரு புதன்கிழமைக்குக் கொடுத்த ஆஸ்பத்திரிச் சீட்டு ஒருநாள் அக்கா கண்ணில் பட்டுவிட்டது. 'குளித்துவிட்டு வரவும். பவுடர், சென்ட், க்ரீம் பூசக் கூடாது' என்று அதில் இருந்தது. படித்தவர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"பவுடர் போடாமயா? இதென்னங்க அநியாயம்!"

"படத்துல புள்ளி புள்ளியா உழுகுமாமுங்க்கா. நோய்னு நெனச்சுப்போடுவாங்களாம்." சொல்லும்போதே அழுதுவிட்டேன். "பயமா இருக்குதுங்க்கா. எந்தங்கச்சிக்கும் இப்படிப் படம் எடுத்துத்தான் தெரிஞ்சுது."

அக்கா கொஞ்ச நேரம் டப்பாவின் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தார். "பொதங்கெழமைக்கு எம்பேரையும் எழுதி வெச்சர்றேனுங்க அம்மணி. எனக்கும் அம்பது தாண்டிப்போச்சு. ரெண்டு பேரும் சேந்தே போயிட்டு வந்தரலாமுங்க."

புதன்கிழமை காந்திபுரம் பஸ் ஸ்டாண்டில் நின்றேன். அக்கா வராவிட்டால் அதையே சாக்காக வைத்து வீட்டுக்கு ஓடிவிடலாமென்று இருந்தேன். நீலப் புடவையில் ஒரு அம்மாள் எதிரே வந்து நின்றார். முகமெல்லாம் அம்மைத் தழும்பு. யாரோ என்று நினைத்து வழிவிட்டேன்.

"ஏனுங்க அம்மணி, நாந்தானுங்க."

குரலை வைத்துத்தான் கண்டுபிடித்தேன். "அக்கா, மொகத்துக்குப் போட்டுக்கலாமுங்க. நெஞ்சுலயும் அக்குள்லயும்தான் கூடாது."

"எதுக்குங்க வம்பு? மிசினுக்கு அதெல்லாம் தெரியுமா?"

பஸ்ஸில் ஒரு குழந்தை அவரையே பார்த்தது. முந்தானையைக் கன்னத்துக்கு இழுத்தவர், என்னைப் பார்த்ததும் விட்டுவிட்டார்.

ஆஸ்பத்திரியில் என் பெயரைக் கூப்பிட்டார்கள். நான் பெஞ்சை விட்டு எழவில்லை. "மொதல்ல நீங்க போயிட்டு வாங்கக்கா," என்று கெஞ்சினேன்.

அக்கா தரையைப் பார்த்தார். "எம்பேரு லிஸ்ட்டுல இல்லீங்க அம்மணி. நான் எழுதியே வெக்கல. எனக்கும் பயமுங்க. அப்படிச் சொன்னாத்தான் நீங்க வருவீங்கன்னு சொல்லிப்போட்டேன்."

"அப்பறம் எதுக்குங்க்கா மொகத்தக் கழுவிட்டு வந்தீங்க?"

"நீங்க பயந்துட்டு வெறுமொகமா வாறப்ப, நாமட்டும் பூசிக்கிட்டு வந்தா நல்லாவா இருக்கும்?"

எத்தனையோ வாரத்துக்குப் பிறகு சிரித்தேன். நர்சு அதட்டினாள். பயம் போகவில்லை, ஆனாலும் எழுந்து உள்ளே போனேன். படத்தில் ஒன்றுமில்லை என்று நாலாம் நாள் சொன்னார்கள்.

அடுத்த மாதம் அக்காவுக்கு நானே போய் எழுதி வைத்தேன். அவர் பெயரைக் கூப்பிட்ட பிறகும் என் கையை விட மாட்டேனென்று உட்கார்ந்திருந்தார். எனக்கும் விட மனசில்லை, பிடித்தபடியே கதவு வரை கூடப் போனேன்.