கொடி ஏறாத உண்மை

ஆற்றின் இந்தப் பக்கம் நெடுமாடம் என்றொரு நாடு இருந்தது. வளமான நாடுதான். ஆற்றின் அந்தப் பக்கமும் ஒரு நாடு இருந்தது என்பதைத் தவிர அதற்கு வேறு குறை கிடையாது.

அந்தப் பக்கத்து நாட்டுக்கு வெண்டுறை என்று பெயர். அங்கே ஒரு வழக்கம் உண்டு. யாராவது ஆராய்ந்து, புதிதாக ஒன்றைக் கண்டு, கட்டுரை எழுதினால் அதற்காக ஒரு கொடி ஏற்றுவார்கள். அதையும் ஆற்றைப் பார்த்த மதிலில்தான் ஏற்றுவார்கள். நெடுமாடத்து மன்னர் புகழ்வேந்தர் காலையில் வேப்பங்குச்சியை மென்றபடி உப்பரிகையில் நின்று அந்தக் கொடிகளை எண்ணுவார். நேற்று நாற்பத்தொன்று, இன்று நாற்பத்து மூன்று. எண்ணி முடித்தால் அன்றைக்குப் பலகாரம் தொண்டையில் இறங்காது. அரசியார் பணிப்பெண்ணிடம் சொல்லி, பணிப்பெண் பூக்காரியிடம் சொல்லி, எங்கள் தெருவுக்கு வந்து சேர்ந்த செய்தி இது. இட்டுக்கட்டியதல்ல.

ஒரு நாள் அறிவுத்துறை அமைச்சர் மாமதியாரை அழைத்தார் மன்னர்.

"நம் மதிலில் எத்தனை கொடி?"

"மூன்று, மன்னா. அவற்றுள் ஒன்று காவலர் உலரப்போட்ட வேட்டி என்று பின்னர் அறியவந்தது."

அன்றே முதல் ஆணை பிறந்தது. அரண்மனை ஊதியம் பெறும் ஒவ்வொருவரும் மாதம் ஓர் ஆய்வுக் கட்டுரை தர வேண்டும். தவறினால் வேலை போகும். நாட்டில் படிப்பு பெருகியது. பிரசவ வலி கண்ட பெண்ணிடம் மருத்துவச்சி, "கொஞ்சம் பொறுத்துக்கம்மா, முடிவுரையில நிக்கிறேன்" என்றாள். கீழைப் பாலத்தில் விரிசல் கண்டபோது, பொறியாளர்கள் அதைப் பூசாமல் அருகே கொட்டகை போட்டு உட்கார்ந்துகொண்டார்கள். பாலம் விழுந்தால்தானே அது ஏன் விழுந்தது என்று எழுத முடியும்? விழுந்தது. அருமையான கட்டுரை என்று சொன்னார்கள். மேலே நடந்துபோன இருவர் நன்றியுரையில் குறிப்பிடப்பட்டார்கள்.

அப்படியும் கொடிகள் போதவில்லை. ஆகவே இரண்டாம் ஆணை: ஒரு கண்டுபிடிப்பை எத்தனை கட்டுரையாக நறுக்க முடியுமோ அத்தனையாக நறுக்கலாம். காட்டுக் காவலர் ஒரு புலியைப் பார்த்துவிட்டு வந்து, தலைக்கு ஒன்று, உடலுக்கு ஒன்று, கால்களுக்கு நான்கு, வாலுக்கு ஒன்று என்று ஏழு கட்டுரை எழுதினார். ஆண்டறிக்கையில் நெடுமாடத்தில் ஏழு புலிகள் என்று பதிவாயிற்று.

கொடி முந்நூறைத் தொட்டது. மன்னர் பலகாரம் சாப்பிட்டார். ஆனால் அறிஞர்களுக்குள் புது நோய் கிளம்பியது. அடுத்தவர் பெயரில் கொடி ஏறினால் இவருக்கு உறக்கம் பிடிக்கவில்லை. அமைச்சர் ஆலோசித்து மூன்றாம் ஆணையை வாசித்தார்.

"நாட்டின் நல்லுறக்கத்தை முன்னிட்டு, இனி எந்தக் கட்டுரையும் தனியொருவர் பெயரில் வெளிவராது. எழுதியவரின் மேலாளர், மேலாளரின் மேலாளர், மனம் வருந்தக்கூடிய ஏனையோர் அனைவரின் பெயரும் முன்னால் இடம்பெறும். கட்டுரை நான்கு பக்கத்தைத் தாண்டலாகாது. மன்னர் அதற்குமேல் புரட்டுவதில்லை."

கூடவே ஒரு வரியும் சேர்ந்தது: கொடி ஏறாத உண்மையை எந்த அதிகாரியும் நம்பக் கூடாது.

எங்கள் தெருவில் இளவெயினி என்றொரு குழந்தை வைத்தியர் இருந்தாள். கெட்டிக்காரி, அதுதான் அவளிடம் பிடிக்காத ஒன்று. எந்நேரமும் யாராவது அவள் வாசலில் குழந்தையோடு நிற்பார்கள். எங்கள் வாசலில் யாரும் நிற்பதில்லை. சரி, அது கிடக்கட்டும்.

அவளிடம் வந்த குழந்தைகளுக்கு ஒரே மாதிரி நோய். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிடும். நேற்றுவரை சொன்ன பாட்டு இன்று மறந்துபோகும். உதட்டை விலக்கிப் பார்த்தால் ஈறில், பல்லை ஒட்டி, மை தீட்டியது போல ஒரு நீலக் கோடு. அடுத்த வீட்டுச் சொர்ணக்கிளியின் ஆறு வயது மகள் கயலுக்கும் அந்தக் கோடு இருந்தது. இருபதுவரை எண்ணிக்கொண்டிருந்த பெண், ஐந்துக்கு மேல் நின்றுபோய் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

இளவெயினி வீடு வீடாகப் போனாள். குழாய்த் தண்ணீர் குடிக்கும் அறுபது குழந்தைகள், ஆற்றில் மொண்டு குடிக்கும் மீனவர் தெருக் குழந்தைகள் அறுபது. குழாய்க் குழந்தைகளில் ஐம்பத்திரண்டு பேருக்கு நீலக் கோடு. மீனவர் தெருவில் ஒன்றுக்கும் இல்லை. குழாய் ஈயத்தால் ஆனது. வெண்டுறையில் இல்லாத குழாய் நமக்கு வேண்டும் என்று தலைமைப் பொறியாளர் கொற்றங்கோ போட்டது. அதைப் பார்த்துப் பொறுக்காமல் வெண்டுறையும் மறு வருடமே போட்டுக்கொண்டது வேறு கதை.

"அப்ப குழாயை அடைக்கச் சொல்லேன் எளவெயினி" என்றாள் சொர்ணக்கிளி.

"சொன்னேன்க்கா. கொடி ஏறுச்சான்னு கேக்குறாங்க."

"ஏத்திரு. உன் கால்ல விழறேன், சீக்கிரம் ஏத்திரு. அதுவரைக்கும் நான் ஆத்துலேருந்தே கொண்டாறேன்."

அன்றிலிருந்து இடுப்பில் குடத்தோடு அவள் தெருவில் நடப்பதைப் பார்த்து, வாசலில் குழாய் வைத்துக்கொண்டு ஆற்றுக்குப் போகிறாளே என்று ஊரே சிரித்தது. நாங்களும் சிரித்தோம், பொய் சொல்வானேன். ஆனால் இரண்டே மாதத்தில் கயலுக்கு வயிற்று வலி விட்டது. எண்ணிக்கை பன்னிரண்டுக்கு வந்தது.

இளவெயினி எட்டுப் பக்கம் எழுதி ஆய்வு மன்றத்துக்குக் கொண்டுபோனாள். மன்றத்தில் கட்டுரையைத் திரைக்குப் பின்னால் அமர்ந்து ஒருவர் பரிசீலிப்பார். அவர் யாரென்று எழுதியவருக்குத் தெரியக் கூடாது என்பது விதி. திரைக்குக் கீழே கொற்றங்கோவின் வெள்ளிப் பூண் போட்ட செருப்பு தெரிந்தது. விதிப்படி அவள் அதைப் பார்க்கவில்லை.

திரை பேசியது. "கட்டுரையாசிரியை, குழாய்க்கலையில் ஒப்பற்ற பொறியாளர் கொற்றங்கோ அவர்களின் பதினொரு கட்டுரைகளை மேற்கோள் காட்டாதது வியப்பளிக்கிறது."

"காட்டுறேன்யா."

"அறுபது குழந்தைகள் போதா. இன்னும் இருநூறு குழந்தைகளுக்கு ஓராண்டு குழாய் நீர் கொடுத்துப் பார்த்துவிட்டு வருக."

"ஐயா, அது வெசமுங்கையா!"

"அதைத்தானே நிறுவச் சொல்கிறோம்?"

அவள் அழவில்லை என்று வாயிற்காவலன் சொன்னான். அமைச்சரிடம் போய் மன்றாடினாள். கொற்றங்கோவின் பெயர் முதலில் வந்தால் இருநூறு குழந்தைகளைத் தள்ளுபடி செய்யலாம் என்று முடிவாயிற்று. கொற்றங்கோ பெயர் வந்தால் தன் பெயர் ஏன் வரக் கூடாது என்று கேட்டார் அரண்மனை வைத்தியர். அரண்மனை வைத்தியரை விட நான் எதில் குறைந்தேன் என்றார் தாவரவியலார். ஈறு ஒரு வகையில் மண் போன்றது என்பது அவர் வாதம். வானநூலார் வந்தார். குதிரை லாயத் தலைவர் வந்தார். அவரவர் பட்டங்களும் கூடவே வந்தன. ஒவ்வொரு பெயர் ஏறும்போதும், பக்கக் கணக்கு மீறாமலிருக்க, அடியில் ஒரு வரியை எழுத்தர் வெட்டினார்.

"எதை வேணா வெட்டுங்க, குழாயை அடைக்கணுங்கற வரிய மட்டும் விட்டுருங்கய்யா" என்றாள் இளவெயினி.

"அம்மணி, அது கட்டுரையின் கடைசியில் அல்லவா இருக்கிறது? நாங்கள் கீழிருந்துதான் வெட்டுவோம்" என்றார் எழுத்தர், மிகுந்த மரியாதையுடன்.

நல்ல நாள் பார்த்துக் கொடி ஏறியது. நாயனம் வாசித்தார்கள். மூன்றே முக்கால் பக்கத்துக்கு நூற்றுப் பதினெட்டுப் பெயர்கள். இளவெயினியின் பெயர் நூற்றுப் பதினெட்டாவது. மிச்சமிருந்த கால் பக்கத்தில் இப்படி இருந்தது: "நெடுமாடத்துக் குழந்தைகளின் ஈறுகள் நன்கு ஆராயப்பட்டன. மேலும் ஆய்வு தேவை."

குழாயை யாரும் அடைக்கவில்லை. கட்டுரையில்தான் குழாயே இல்லையே.

மறுநாள் இளவெயினி பழைய எட்டுப் பக்கத்தையும் புடவைத் தலைப்பில் முடிந்துகொண்டு, மீனவர் படகில் ஏறி ஆற்றைக் கடந்தாள். வெண்டுறைக்காரர்கள் எட்டையும் படித்தார்கள். தங்கள் குழந்தைகளின் உதட்டை விலக்கிப் பார்த்தார்கள். ஒரே மாதத்தில் தெருவெல்லாம் தோண்டி, குழாய்களைப் பிடுங்கிக் கரையில் மலைபோலக் குவித்தார்கள். மதிலில் இதுவரை இல்லாத உயரத்தில் ஒரு கொடி ஏற்றினார்கள். அதில் ஒரே பெயர்: இளவெயினி, குழந்தை வைத்தியர்.

வேப்பங்குச்சி மன்னர் வாயிலிருந்து விழுந்தது.

"நம் வீட்டுப் பெண்ணுக்கு அவன் கொடியா? மாமதியாரே! அவன் நம்மை முந்திவிட்டானே! உடனே நாமும் ஏதாவது செய்ய வேண்டும்!"

அந்தச் சில நொடிகள், நூற்றுப் பதினெட்டாவது பெயருக்குரியவள் ஜெயித்துவிட்டாள் என்றுதான் அரண்மனையில் எல்லோரும் நினைத்தார்கள். அவள் மன்னரை நன்றாக அறிந்தவள். அவருடைய பொறாமையை நம்பித்தான் ஆற்றைக் கடந்திருந்தாள். ஆனால் அமைச்சர் அவளைவிட நன்றாக அறிந்தவர். தொண்டையைச் செருமினார்.

"மன்னா, ஒரு புள்ளிவிவரம். குழாயில் இதுவரை வெண்டுறையும் நாமும் சமம். இன்று அவர்களிடம் குழாய் பூஜ்யம்."

மன்னர் மெல்லத் திரும்பினார். "அப்படியானால் குழாயில் நாம்தான் முதலிடமா?"

"கரையில் குவித்திருப்பதையும் நாமே கொண்டுவந்து பதித்தால், வரலாறு காணாத முதலிடம்."

வெண்டுறைக்காரர்கள் சந்தோஷமாக அள்ளிக் கொடுத்தார்கள். படகு படகாகக் குழாய் வந்தது. வீட்டுக்கு இரட்டைக் குழாய்த் திட்டம் என்று பெயரிட்டார்கள். ஊர் திரும்பிய இளவெயினியைத் தண்டிக்கவில்லை, மன்னர் பெருந்தன்மையானவர். முதன்மைக் குழாய் ஆய்வாளர் என்று பட்டம் சூட்டி, வைத்தியசாலையிலிருந்து கொடித்துணி வைக்கும் அறைக்கு மாற்றினார்.

மேலத் தெருவுக்குத்தான் முதலில் இரட்டைக் குழாய் வந்தது. வெண்டுறைக் குழாய், வாய் வளைந்து பளபளவென்று இருக்கும். மேலத் தெருப் பெண்கள் எங்கள் தெரு வழியாக வேண்டுமென்றே நடந்தார்கள். மூன்றாம் நாள் சொர்ணக்கிளி குடத்தை இறக்கி வைத்துவிட்டு இளவெயினியின் கதவைத் தட்டினாள்.

"ஏன்டி, நீதான் குழாய்க்கு அதிகாரியாமே. நம்ம தெருவுக்கு மட்டும் ஏன் ஒத்தைக் குழாய்?"

"அக்கா... அது என்ன பண்ணும்னு உனக்குத் தெரியாதா? கயல் இப்ப எத்தனை எண்ணுறா?"

"பதினெட்டு. நான் என்ன குடிக்கவா கேக்குறேன்? தண்ணி ஆத்துலேருந்துதான் எடுப்பேன், சத்தியமா. வாசல்ல ரெண்டு இருக்கட்டுமே. அந்த மேலத் தெருக்காரி மூஞ்சிய நீ பாத்தியா?"

"பாத்தேன்."

"அப்புறம் என்ன?"

இளவெயினி இரட்டைக் குழாய்க்கு அனுமதி எழுதித் தர மறுத்துவிட்டாள். சொர்ணக்கிளி நேரே அமைச்சரிடம் போய், குழாயைக் கண்டுபிடித்தவளின் அடுத்த வீட்டுக்கே இரட்டைக் குழாய் இல்லையா என்று கேட்டாள். அமைச்சர் நெகிழ்ந்துபோனார். நான்காம் நாளே ஆட்கள் வந்து பதித்தார்கள்.

பார்க்கக் கூட்டம் கூடியது. சும்மா நிற்கும் குழாயை எவ்வளவு நேரம்தான் பார்ப்பது? தண்ணீர் வருகிறதா என்று யாரோ கேட்டார்கள். வருகிறது என்று காட்டத்தான் சொர்ணக்கிளி திறந்தாள். கண்ணாடி போல விழுந்தது. கயல் கூட்டத்துக்குள் நுழைந்து வந்து, இரண்டு கைகளையும் குவித்து ஏந்தினாள். இளவெயினி அவள் வீட்டிலிருந்து ஓடி வந்தாள். கூட்டம் வழிவிடவில்லை, முன்வரிசை கிடைத்தவர்கள் விடுவார்களா?

நாங்கள் எதிர்வாசலிலிருந்து எல்லாவற்றையும் பார்த்தோம். எங்கள் வீட்டுக்கு இன்னும் ஒற்றைக் குழாய்தான். மனு எழுதிக்கொண்டிருக்கிறோம்.