இருபத்தாறு கூடைக்கு முப்பத்து மூன்று அசிஸ்ட்

‘ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே’ என்று எங்கள் பக்கம் ஒரு சொலவடை உண்டு. அடுத்தவர் பொருளை அள்ளி வைக்கும்போது யாருக்கும் கை நீளும். என் கை எவ்வளவு நீளும் என்பது கல்யாணமான நாலாவது மாதத்தில் ஊருக்கே தெரிந்துபோனது.

என் மச்சினன் சரவணன் மதுரைக்காக சம்பளத்துக்கு ஆடும் கூடைப்பந்து அணியில் இருந்தான். ஆடினான் என்று சொல்ல முடியாது. பெஞ்சில் இருந்தான். என் மாமனார் டவுன் பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். தலையை எண்ணு, டிக்கெட்டை எண்ணு, இரண்டும் ஒத்துப்போகிறதா பார் என்பதுதான் அவருக்கு வேதம். அவர் மகனிடம் கறாராகச் சொல்லிவிட்டார்.

“இந்த ஒரு ஆட்டம் வந்து பாக்கேன். உருப்படியா ஏதாச்சும் செஞ்சா ஆடு. இல்லையா, திங்கக்கெழமை கம்பெனி வேலைக்குக் கெளம்பு.”

அந்த ஆட்டத்துக்குப் பார்த்து, புள்ளிவிவரம் எழுதுகிறவருக்கு அம்மை போட்டுவிட்டது. அணிக்கு போஸ்டர் அடித்துக் கொடுக்கும் கடையில் டைப் அடிப்பவன் நான். மேனேஜர் வந்து, “ஒங்களுக்கு பாஸ்கெட்பால் தெரியுமாண்ணே?” என்றார். மாமனார் வருகிறாரே, மேஜை போட்டு உட்கார்ந்தால் கெத்தாக இருக்குமே என்று, “தெரியுமாவா!” என்றேன். (சமயநல்லூரில் ஒரு கிரிக்கெட் போட்டிக்கு ஸ்கோர் எழுதியிருக்கிறேன். அதுவும் பாதியில் மழை.)

வேலையை ஐந்து நிமிடத்தில் விளக்கினார். புள்ளிக் கணக்கை நடுவர் மேஜை பார்த்துக்கொள்ளும். வளையத்தில் பட்டுத் திரும்பும் பந்தைப் பிடித்தால் ரீபவுண்ட். கூடை போட்டவனுக்குக் கடைசியாகப் பந்தைக் கொடுத்தவனுக்கு அசிஸ்ட். பெயருக்கு நேரே கோடு போட்டு, கடைசியில் டைப் அடித்துக் கொடுக்க வேண்டும்.

முதல் பாதி முழுக்க என் கோடுகள் நேர்மையாகத்தான் இருந்தன. ஆனால் மாமனார் எனக்கு நேர் பின்னால் உட்கார்ந்திருந்தார். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை என் தோளில் ஒரு விரல் தட்டியது.

“மாப்ள, நம்ம பயலுக்கு எம்புட்டு?”

“இன்னும் இல்ல மாமா.”

“ஓடுறானே?”

“ஓடுறதுக்குக் கட்டம் இல்ல மாமா.”

மூன்றாம் பகுதியில் சரவணனை இறக்கினார்கள். ஓடினான், விழுந்தான், எழுந்தான். வேர்வையில் பனியன் முதுகோடு ஒட்டிக்கொண்டது. விரல் மறுபடி தட்டியது. “எம்புட்டு?” திரும்பிப் பார்த்தேன். விறைப்பான அந்த முகத்தில் அவ்வளவு ஆசை. என் பேனா அதுவாக ஒரு கோடு போட்டது. “ஒண்ணு மாமா!” என்றேன். அவர் சிரித்தார். கல்யாணத்தன்றுகூட அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. நான் இன்னொன்று போட்டேன்.

அவனுக்கு மட்டும் போட்டால் பாவமில்லையா? பெஞ்சிலிருந்து இறங்கிய மற்ற பிள்ளைகளுக்கும் ஆளுக்கு ஒன்றிரண்டு வைத்தேன். பந்தியில் பாயசம் ஊற்றுகிறவன் ஓரத்து இலையை விடுவானா?

ஆட்டம் முடிந்தது, ஜெயித்தோம். நான் பிரிண்ட் எடுத்துக் கொடுத்த தாளைப் பார்த்து, “அதிக அசிஸ்ட், பதினொன்று, சரவணன்!” என்று மைக்கில் அறிவித்து ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள். அவன், யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று பின்னால் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் போனான்.

அங்கேயே நான் வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். பெருமை தாங்காமல் தாளின் ஒரு பிரதியை மாமனாரிடம் நீட்டினேன். அவர் கண்ணாடியை மாட்டினார். நடுவர் மேஜையில் கேட்டு நான் மேலே அடித்திருந்த கூடைக் கணக்கில் தொடங்கி, கட்டைவிரல் கட்டம் கட்டமாக இறங்கியது.

“மாப்ள, கூடை விழுந்தாத்தான இந்த அசிஸ்ட்டு?”

“ஆமா மாமா.”

“ஒரு கூடைக்கு ஒரு ஆளுக்குத்தான?”

“ஒரே ஆளுக்குத்தான்.”

“அப்ப இருபத்தாறு கூடைக்கு முப்பத்திமூணு எப்பிடி வரும்? ஆளவிட டிக்கெட்டு கூடக் கெடக்கே!”

சரவணன் கடிகாரத்தோடு வந்து நின்று, “அதான மச்சான், பதினொண்ணுன்னதும் எனக்கே சந்தேகம். நான் ஆடுனதே பத்து நிமிஷம்” என்றான்.

மாமனார் என் மணிக்கட்டைப் பிடித்தார். டிக்கெட் இல்லாமல் வந்தவனைப் பிடிக்கும் அதே பிடி. மேனேஜர் முன்னால் கொண்டுபோய் நிறுத்தி, “ஏழெட்டு டிக்கெட் இல்ல தம்பி, இன்னும் கூடவே கெடக்கும், பாருங்க” என்றார். பாதி ஊர் வேடிக்கை பார்க்க, வீடியோவை ஓடவிட்டு எண்ணினார்கள். உண்மையான அசிஸ்ட் பதினேழு. என் தானம் பதினாறு. சரவணனுக்கு நிஜத்தில் இரண்டு. கடிகாரம் உரியவன் கைக்குப் போனது. மேனேஜர் கும்பிட்டார். “அண்ணே, நீங்க போஸ்டர் மட்டும் அடிங்க.”

திருநகர் பஸ்ஸில் மூன்று பேரும் ஒரே சீட்டில் உட்கார்ந்திருந்தோம். சரவணன் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். திங்கட்கிழமை அவன் கண்ணில் தெரிந்தது. உதவுகிறேன் என்று போய், அவனிடம் இருந்த இரண்டையும் நானே சந்தேகத்துக்கு உள்ளாக்கிவிட்டேன்.

பழங்காநத்தம் தாண்டியதும் மாமனார் வாயைத் திறந்தார். “அந்த ரெண்டு மட்டும் நெசந்தான?”

“நெசம் மாமா. என் கண்ணால பாத்தேன்.”

“எப்பிடின்னு சொல்லுங்க.”

சொன்னேன். இரண்டு நெட்டையர்கள் மறித்து நிற்க, இவன் திரும்பியே பார்க்காமல் கைக்கு அடியில் பந்தைப் பின்னால் விட்டதை, அங்கே சரியாக ஒருத்தன் நின்று வாங்கிப் போட்டதைச் சொன்னேன்.

“பாக்காமலா?” மகன் பக்கம் திரும்பினார். “அவன் அங்க நிப்பான்னு ஒனக்கு எப்பிடிடா தெரியும்?”

“நிப்பான்ப்பா. தெனமும் காலையில அஞ்சு மணியிலருந்து பிராக்டிஸ்ல அங்கதான நிக்கிறான்.”

பசுமலை வந்தது. மாமனார் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

“ரெண்டுன்னாலும் செல்லுற டிக்கெட்டு” என்றார். “திங்கக்கெழமை வேல கெடக்கட்டும், நீ ஆடு. மாப்ள கிழிச்ச ஒம்பதுதான் செல்லாது.”

சரவணன் சிரித்த சிரிப்பில் கண்டக்டரே திரும்பிப் பார்த்தார்.

அன்றிலிருந்து மாமனார் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் சொந்த நோட்டோடு போகிறார். புள்ளிவிவரம் எழுதுகிறவர்கள் அவரைக் கண்டால் நிமிர்ந்து உட்காருகிறார்களாம். வீட்டில், “குழம்புக்கு நாந்தான் வெங்காயம் உரிச்சேன்” என்று நான் வாயெடுத்தால் போதும், “அப்பா, செக்கிங்!” என்று என் மனைவி குரல் கொடுப்பாள். அவர் வந்து வெங்காயத் தோலை எண்ணுவார்.

போன மாதம் என் மகள் முதன்முதலாக விழாமல் சைக்கிள் ஓட்டினாள். மூச்சு வாங்க நின்ற என்னிடம் மாமனார் கேட்டார்.

“கைய எங்க விட்டீக?”

“தெருப் பாதியிலேயே விட்டுட்டேன் மாமா. மிச்சம் அவளேதான்.”

மகளைப் பார்த்தார். அவள் தலையாட்டினாள். நோட்டை எடுத்து, என் பெயருக்கு நேரே நிதானமாக ஒரு கோடு போட்டார்.

“இது செல்லும்.”

எட்டு வருடத்தில் அது எனக்கு மூன்றாவது.