ஊசிக்கு இனித் தாய்மாமன் வேண்டாம்

பாளையங்கோட்டை,
ஞாயிற்றுக்கிழமை.

மஸ்கட்டில் கோபத்தோடு வீற்றிருக்கும் அன்பு மாப்பிள்ளை குற்றாலலிங்கம் அவர்களுக்கு அத்தான் சிவசங்கரன் எழுதிக்கொண்டது. இங்கே நான், உம் அக்காள், பிள்ளைகள் சித்ரலேகா, சுகிர்தா எல்லாரும் நெல்லையப்பர் புண்ணியத்தில் சௌக்கியம். நீர் சௌக்கியமா என்று கேட்கத்தான் ஒரு வாரமாகப் போன் போடுகிறேன், எடுக்க மாட்டேன் என்கிறீர். வாட்ஸப்பில் உம் படம் இருந்த இடத்தில் வெறும் வட்டம்தான் தெரிகிறது. ஆகையால் காகிதத்தை எடுத்துவிட்டேன். என் ஆபீசில் வேலை பார்க்கும் காயல்பட்டினத்து ஜமீலா பீவியின் மகன் லீவு முடிந்து நாளை மஸ்கட் திரும்புகிறான். வீட்டு வாசலுக்கே வந்து கையில் கொடுத்தால் வாங்காமல் என்ன செய்வீர் வே?

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். நம் சுகிர்தாவுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய் வராமல் தடுக்கிற அந்த எச்.பி.வி. ஊசி போன வியாழக்கிழமை போட்டாயிற்று. நீர் இல்லாமலே போட்டாயிற்று. பல்லைக் கடிக்காதீர், மேலே படியும்.

உம் மூத்த அக்காள் பிரம்மநாயகி மதினி அந்தச் சீக்கில் படுத்த படுக்கையாகக் கிடந்தபோது நானும் பக்கத்தில்தான் நின்றேன். சுகிர்தா சின்னப் பிள்ளை, கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு முழித்துக்கொண்டிருந்தாள். "லிங்கம், இது நம்ம வீட்டுல என்னோட போவட்டும்லே. பிள்ளையளுக்கு ஊசி இருக்காம்லா, நீ பக்கத்துல நின்னு போட்டுரு" என்று மதினி சொன்னதும், நீர் அவர்கள் கையைப் பிடித்துச் சத்தியம் பண்ணியதும் எனக்கு மறக்குமா? காதுகுத்துக்கு இரண்டு பிள்ளைகளையும் மடியில் வைத்துக்கொண்ட தாய்மாமன் நீர். அந்த மடிக்குத்தான் இந்த ஊசியும் சொந்தம் என்று நீர் நினைப்பதில் ஒரு தப்பும் இல்லை.

ஆனால் காலம் மாறிவிட்டதே, என்ன செய்ய? சித்ரலேகாவுக்குப் போட்டபோது அது ஏதோ பெரிய ஆஸ்பத்திரியில், விவரம் தெரிந்தவர்கள் மட்டும் கேட்டு வாங்குகிற ஊசி. அவள் காலேஜுக்குப் போய்விட்ட வயது என்பதால் மூன்று தடவை போட வேண்டும் என்றார்கள். நீரும் கம்பெனியில் என்னென்னவோ பொய்யைச் சொல்லி மூன்று தடவையும் பறந்து வந்தீர். குலசேகரன்பட்டினம் தசராவில் காளி வேஷம் கட்டி, கோரப் பல்லும் சூலமுமாகக் கடற்கரையையே கிடுகிடுக்க வைத்த மனுஷன், மூன்றாவது ஊசியின் முனையைப் பார்த்ததும் நர்ஸம்மா மேலேயே சாய்ந்துவிட்டீர். பிள்ளை எழுந்து உமக்குக் கட்டிலை விட்டுக்கொடுத்தாள். குளுக்கோஸ் ஏற்றினார்கள். கண் விழித்து, உம் கையில் ஒரு ஊசி குத்தியிருப்பதைப் பார்த்து மறுபடியும் மயங்கினீர். அந்த ஆஸ்பத்திரியில் இன்றைக்கும் "அந்த மாமா நல்லா இருக்காரா?" என்று கேட்கிறார்கள்.

அப்போது தெருவில் என்ன பேச்சு பேசினார்கள் என்பதும் ஞாபகம் இருக்கும். எதிர்வீட்டுக் கோமு அத்தை வாசலில் நின்றே, கல்யாணம் ஆகாத பிள்ளைக்கு என்னத்துக்கு இந்த ஊசி, நாளைக்கு மாப்பிள்ளை வீட்டார் கேட்டால் என்ன பதில் சொல்லுவீர்கள் என்று கேட்டாள். நீர்தான் படியிறங்கிப் போய்ச் சொன்னீர்: "எங்க அக்காவச் சுமந்த தோளு இது அத்த. இன்னொரு பிள்ளையச் சுமக்காது." அதற்குப் பிறகு அத்தை ரொம்ப நாள் எங்களோடு பேசவில்லை. நாங்களும் நிம்மதியாக இருந்தோம்.

அதே கோமு அத்தையை நீர் வியாழக்கிழமை பார்த்திருக்க வேண்டும்! இப்போது அரசாங்கமே பதினான்கு வயதுப் பிள்ளைகளுக்கு இலவசமாகப் போடுகிறது, அதுவும் ஒரே ஒரு தடவை. ஒன்றே போதும் என்று ஆராய்ச்சி பண்ணிக் கண்டுபிடித்துவிட்டார்களாம். பள்ளிக்கூடத்து டீச்சர்மாரே பிள்ளைகளை வேனில் ஏற்றி ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போனார்கள். வாசலில் பலூன் எல்லாம் கட்டியிருந்தார்கள். அத்தையின் மகள் வயிற்றுப் பேத்தியும் அந்த வகுப்புதான். அத்தை கேட்டருகே நின்றுகொண்டு, போகிற வருகிற தாய்மாருக்கெல்லாம் இந்த ஊசியின் அருமை பெருமையை விளக்கிக்கொண்டிருந்தாள், ஏதோ இவளே கண்டுபிடித்த மாதிரி. கடைசியில் நர்ஸம்மாவைக் கூப்பிட்டு, தனக்கும் ஒன்று போட முடியுமா, வயசு அறுபத்தெட்டுதான் ஆகுது என்று கேட்டாளே பார்க்கணும்!

லீவு கிடைக்கும்வரை தள்ளி வையுங்கள் என்று நீர் போனில் சத்தம் போட்டீர். எங்கள் பாசனப் பிரிவு ஆபீசில், கால்வாயில் தண்ணீர் திறக்கிற தேதியை ஊர் ஊராக வந்து மனுக் கொடுத்தால் மாற்றுவார்கள். ஒரே ஒரு தாய்மாமனுக்காகச் சுகாதாரத் துறை தேதியை மாற்றுமா மாப்பிள்ளை? அதைச் சொன்னதற்குத்தான் பட்டென்று போனை வைத்தீர். சரி, உமக்குப் பதிலாக நானாவது பக்கத்தில் நிற்போம் என்று அரை நாள் லீவு போட்டுவிட்டுப் போனேன். கண்ணெதிரே ஆறு இட்லி தின்ன வைத்துத்தான் பிள்ளையை அனுப்பியிருந்தேன். உள்ளே நுழையப் போன என்னை டீச்சரம்மா, பிள்ளைகள் தைரியமாகத்தான் இருக்கிறார்கள், உங்கள் முகத்தைப் பார்த்தால்தான் பயந்துவிடுவார்கள் என்று வெளியே அனுப்பிவிட்டார். கைக்குட்டையைக் கசக்கிக்கொண்டு வேப்ப மரத்தடியில் நின்றேன். சுகிர்தா சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். வலித்ததா என்று கேட்டேன். "ஒரு பொட்டு வலி இல்லப்பா" என்றாள். மதினி ஞாபகம் வந்து, அத்தனை பேர் மத்தியில் அழுதுவிட்டேன் வே. கோமு அத்தைதான் முந்தானையை நீட்டினாள்.

அன்றைக்கு வீட்டில் தேங்காய்ப்பால் விட்ட சொதிச் சாப்பாடு. உம் அக்காள் உமக்கும் ஒரு இலை போட்டுப் பரிமாறினாள். அதையும் சுகிர்தாவே சாப்பிட்டாள், இஞ்சிப் பச்சடியைக்கூட விடவில்லை. இராத்திரி இடது கை நோவுகிறது என்றாள், அக்காள் ஒத்தடம் கொடுத்தாள். மறுநாள் வலது கை என்றாள், அதற்கும் கொடுத்தாள். அடடா, மருந்து உடம்பெல்லாம் எப்படிச் சுற்றி வேலை செய்கிறது என்று நான் ஆச்சரியப்பட்டுப் போனேன்.

நான் சொல்ல வந்தது இதுதான். ஊரே வாயைப் பொத்திக்கொண்டு இருந்த காலத்தில் நீர் ஒருவர் நின்று பேசினீர். இன்றைக்கு ஒரு வேன் நிறையப் பிள்ளைகள் பாட்டுப் பாடிக்கொண்டு போய்ப் போட்டுக்கொண்டு வருகிறார்கள். நன்றி மாப்பிள்ளை. அரசாங்கத்துக்கும், அந்த நர்ஸம்மாவுக்கும், ஆராய்ச்சி பண்ணின முகம் தெரியாத மகராசர்களுக்கும் நன்றி. உம் சத்தியம் நிறைவேறிவிட்டது. ஊசிக்கு இனித் தாய்மாமன் வேண்டாம், அதனால் லீவுக்காக யார் காலிலும் விழ வேண்டாம், தீபாவளிக்கு நிதானமாக வந்தால் போதும். கோபத்தை ஆற்றிக்கொண்டு போனை எடும்.

காந்திமதி அம்மை உமக்கு நல்ல தூக்கமும் தாராளமான லீவும் தருவாளாக. உம் அக்காளின் ஆசிகள், பிள்ளைகளின் முத்தங்கள்.

இப்படிக்கு,
உம் கோபத்துக்கு மட்டும் பயப்படும் அத்தான்,
சிவசங்கரன்

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போகும்போது சுகிர்தா ஓடி வந்து, "எப்பா, ஒட்டாதீங்க" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் ஊசியே போட்டுக்கொள்ளவில்லையாம்! காலையில் ஒன்றுமே சாப்பிடவில்லை என்று நர்ஸம்மாவிடம் சாதித்திருக்கிறாள். வெறும் வயிற்றோடு வேண்டாம் என்று, விட்டுப்போன பிள்ளைகளுக்கு அடுத்த மாதக் கடைசியில் போடும்போது வரச் சொல்லிவிட்டார்களாம். ஒரு பொட்டு வலி இல்லை என்று அவள் சொன்னது பொய்யில்லைதான். ஏன்டி இப்படிச் செய்தாய் என்று கேட்டால், "பெரியம்மாகிட்ட மாமா சத்தியம் பண்ணும்போது நானும்தான அங்கன நின்னேன். மாமா இல்லாம எப்படிப்பா போட?" என்கிறாள். எனக்கு அடிக்கக் கை வரவில்லை. ஆகவே மேலே எழுதியதில் நன்றியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் அடித்துவிடும். யார் காலிலாவது விழுந்து லீவு வாங்கிக்கொண்டு வாரும். இந்தத் தடவை தேதி தப்பக் கூடாது. நர்ஸம்மாவிடம் உமக்கு ஒரு கட்டில் பிள்ளை அன்றைக்கே சொல்லி வைத்துவிட்டாளாம்.