காற்று கொடு என்று எழுதிய இறக்கை

உயர்திரு சித்தப்பா அவர்களுக்கு,

உங்கள் முகத்தில் விழிக்கத் தைரியமில்லாத அண்ணன் மகன், காகிதத்திலேயே விழுந்து கும்பிட்டு எழுதுவது. இங்கே எல்லோரும் நலம் என்று தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன். நான் நலமாக இருப்பதே இப்போது ஒரு குற்றம் போலத் தெரிவதால் அதை விட்டுவிடுகிறேன். உங்கள் மூட்டுவலியும் சித்தியின் ரத்தக் கொதிப்பும் அடங்கியிருக்கும் என்று நம்புகிறேன். கொதிப்புக்குக் காரணமே நான்தான் என்கிறாள் அம்மா. போன் செய்தால் சித்திதான் எடுக்கிறார். "அவனா? குளிக்கிறேன்னு சொல்லு" என்று நீங்கள் பக்கத்திலிருந்து சொல்வது எனக்குத் தெளிவாகக் கேட்கிறது. ஒரு மனிதர் ஒரே நாளில் எத்தனை தடவைதான் குளிப்பார்? அதனால்தான் இந்தக் கடிதம்.

அந்த ரிமோட் விமானம் எங்களுடையதுதான் சித்தப்பா. நான், வெல்டர், மீட்டர் மூன்று பேரும் சேர்ந்து செய்தது. மீட்டரை உங்களுக்குத் தெரியும், எதைப் பேசினாலும் அளவு சொல்லிப் பேசுவானே, அவன். விமானம் எப்படிப் பறக்கிறது என்று கடன் வாங்கிக் கல்லூரியில் படித்தவனுக்கு இந்த ஊர் கொடுத்தது ஒரு ஸ்கூட்டரும், வீடு வீடாகச் சாப்பாடு கொண்டுபோக ஒரு முதுகுப் பையும். அவனுக்கு எதையாவது வானத்தில் ஏற்றிப் பார்த்தே ஆகவேண்டும். வெல்டர் கம்பியை வளைத்துச் சக்கரம் வைத்தான். போன் ரிப்பேர் கடையில் உட்கார்ந்திருக்கிறவன் என்பதால் ஒயர் வேலை எல்லாம் நான். இறக்கை தெர்மாகோல். விமானத்தின் உடம்புக்கு, பரணில் சாமான் கட்டிவைக்க என்று பொய் சொல்லி உங்களிடம் கேட்டு வாங்கினேனே, உங்கள் அட்டைப்பெட்டி ஆலையில் கழித்துப் போட்ட அட்டை, அதுதான். கம்பெனி பெயரும் "இந்தப் பக்கம் மேலே" என்கிற அம்புக்குறியும் அப்படியே இருந்தன. அழகாக இருக்கிறதே என்று அழிக்காமல் விட்டோம்.

பறக்கவிட்ட முதல் நாளிலிருந்தே அது இடப்பக்கமாகவே சாய்ந்தது. ரிமோட்டில் இருக்கிற சின்னப் பொத்தானை ஒவ்வொரு தட்டாகத் தட்டி வலப்பக்கம் கொண்டுவந்தோம், மூக்கு தூக்கியது. மூக்கில் ரெண்டு போல்ட்டை ஒட்டினோம், மூக்கு குத்தியது. ஒரு போல்ட்டை எடுத்தோம். பறந்தது, ஆனால் தூரம் போனதும் நேராக இருக்கிறதா, கவிழ்ந்திருக்கிறதா என்றே தெரியவில்லை. இறக்கையின் அடிப்பக்கம் பளிச்சென்று ஏதாவது ஒட்டினால் வயிறு எந்தப் பக்கம் என்று தெரியும் என்றான் மீட்டர். பளிச்சென்று எங்கள் கைக்குக் கிடைத்தது உங்கள் சங்கத்துச் சிவப்பு சுவரொட்டி. பசை காய்ச்சுகிற கொட்டகையின் வெக்கைக்குக் காற்றாடி கேட்டு நீங்கள் அடித்தது. "காற்று கொடு" என்று முழ நீள எழுத்தில் இருந்தது. நிறத்தைத்தான் பார்த்தோம் சித்தப்பா, எழுத்தைப் பார்க்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை விஷயம் எனக்கு மறந்துபோய்விடவில்லை. கொட்டகையில் வேலை செய்கிற அந்த அக்கா கொதிக்கிற தொட்டி ஓரமாக மயங்கி விழுந்த பிறகுதான் முதலாளி கொட்டகையை நேரில் பார்க்கவே சம்மதித்தார் என்று நீங்கள் சொன்னீர்கள். அன்றைக்கு அவர் வரும்போது வெளியாள் நாலு பேர் வாசலில் நின்றால் அவர்களுக்கு ஒரு கூச்சம் இருக்கும், வந்து நில்லுடா என்றீர்கள். சரி என்றேன். வரத்தான் கிளம்பினேன். ஆனால் ஆலை மதிலுக்கு வெளியே இருக்கிற அந்தக் காலி இடம்தான் இந்த ஊரில் மிச்சமிருக்கிற ஒரே திறந்தவெளி, மற்றதையெல்லாம் கம்பி போட்டு மனை போட்டு விற்றுவிட்டார்கள். வருகிற வழியில் ரெண்டு பேரும் விமானத்தோடு நிற்கிறார்கள். உடைந்த இறக்கையை ஒட்டியாச்சு, ஒரே ஒரு ரவுண்டு விட்டுட்டுப் போயிடுடா என்றார்கள். ஒரு ரவுண்டுதானே.

இப்போது நான் சொல்லப்போவதைச் சிரிக்காமல் படியுங்கள், அல்லது சிரித்தாலாவது நல்லது. இறக்கையின் பின்னோரத்தில் ரெண்டு பக்கமும் ரெண்டு மடல் உண்டு. ரிமோட்டில் குச்சியை வலப்பக்கம் தள்ளினால் வலது மடல் மேலே எழும்பவேண்டும். பறக்கவிடும் முன் அதைச் சோதிக்கவேண்டும், விமானத்துக்குப் பின்னால் நின்று. நாங்கள் மூன்று பேரும் அன்றைக்கு அதன் மூக்குக்கு எதிரே நின்று பார்த்தோம், கண்ணாடி முன் நிற்கிற மாதிரி. வலம் தள்ளினால் எங்களுக்கு இடப்பக்கம் இருக்கிற மடல் எழும்பியது. ஐயையோ, மாறிப்போச்சு என்று மீட்டர் ரிமோட்டில் திசையைத் திருப்பிவிட்டான். சரியாக இருந்ததைத் தப்பாக்கிவிட்டு, பார்த்தியா, நல்லவேளை கவனிச்சோம் என்று வேறு சொல்லிக்கொண்டோம்.

மேலே ஏறினதும் வழக்கம்போல இடப்பக்கம் சாய்ந்தது. வலது கொடுத்தேன். இன்னும் இடப்பக்கம் போச்சு. வலது கொடுடா, வலது கொடுடான்னு ரெண்டு பேரும் கத்துறாங்க, நானும் கொடுக்கக் கொடுக்க அது இடது பக்கமாவே வட்டம் போட்டு மதிலைத் தாண்டி உள்ளே போயிருச்சு. நான் அங்கே அடுக்கியிருந்த செங்கல் மேல ஏறி மதிலுக்கு மேல தலையை நீட்டினேன். கொட்டகை வாசல்ல நீங்க கையைக் காட்டி என்னமோ விளக்கிட்டிருந்தீங்க. முதலாளி மூக்கைப் பொத்திக்கிட்டுத் தலையாட்டிட்டிருந்தார். உங்க எல்லார் தலைக்கு மேலேயும் "காற்று கொடு" ஒரு சுற்று வந்தது. அப்புறம் நேரா, ஆறவச்சிருந்த பசைத் தொட்டிக்குள்ள விழுந்தது. முதலாளி தலையிலிருந்து செருப்பு வரைக்கும் பசை. கொட்டகைப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். நீங்கள் சிரிக்கவில்லை.

மேனேஜர் உங்களைக் கேட்டார், எனக்குக் கேட்டது. "யார் விட்டது இதை?"

நீங்கள் மதிலைப் பார்த்தீர்கள். என் தலை அங்கேதான் இருந்தது. நேராக என் கண்ணைப் பார்த்தீர்கள்.

"தெரியாது" என்றீர்கள்.

நான் தலையைக் கீழே இறக்கிக்கொண்டேன் சித்தப்பா. இறக்கிக்கொண்டு, யாரோ பசியோடு காத்திருக்கிற சாப்பாட்டுக்கு நடுவில், மீட்டரின் பைக்குள் ரிமோட்டை ஒளித்துவைத்தேன். அட்டையைத் திருடியது, முதலாளியைத் தாக்க ஆள் வைத்தது, ஆள் பெயரைச் சொல்ல மறுத்தது என்று உங்களை வேலையிலிருந்து நிறுத்திவைத்ததை மறுநாள் அம்மா சொல்லித்தான் கேட்டேன். காற்றாடிப் பேச்சும் அதோடு நின்றது. அந்தப் பெண்கள் இன்றைக்கும் அதே கொட்டகையில் வெந்துகொண்டிருக்கிறார்கள். உள்ளே வந்து ஒரு வார்த்தை சொல்ல எனக்கு எட்டடி மதில்தான் குறுக்கே இருந்தது. அதற்கு மேல்தான் என் தலையே இருந்தது.

எனவே முடிவு செய்துவிட்டேன். ரிமோட்டை வெல்டர் வீட்டில் பூட்டியாச்சு. இனிமேல் பறக்கிறது காக்காயாக இருந்தாலும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. நாளைக் காலை மேனேஜரை நேரில் பார்த்து, விட்டது நான், எழுத்துக்கும் சங்கத்துக்கும் சம்பந்தமில்லை, சித்தப்பாவை வேலையில் எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லப்போகிறேன். போலீசில் கொடுத்தாலும் சரி.

சித்திக்கு என் வணக்கம். அவர் ஏற்றுக்கொள்ளாவிட்டால் திருப்பி அனுப்பவேண்டாம், அங்கேயே ஒரு ஓரமாக இருக்கட்டும். உங்கள் ஆசீர்வாதத்தைக் கேட்கிற தகுதி நாளைக்குப் பிறகு வரும் என்று நினைக்கிறேன்.

இப்படிக்கு,
தலையை இறக்கிக்கொண்டவன்

பின்குறிப்பு: நல்ல செய்தியாக ஒரு வரி சேர்க்கலாம் என்று கவரை ஒட்டாமல் வைத்திருந்தேன். போய்வந்துவிட்டேன். மேனேஜர் அறையில் ஏசி நன்றாக ஓடுகிறது. மேசைமேல் நம் விமானம், பசை காய்ந்து கல்லாகிக் கிடந்தது. நான்தான் விட்டேன் சார் என்றேன். ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "உட்காரு தம்பி. இது ஏன் இடது பக்கமே போச்சு?" என்றார். சொன்னேன். மடல், திசை, எதிரே நின்று பார்த்தது, எல்லாம். அவர் எழுந்துபோய் அலமாரி மேலிருந்து ஒரு பெட்டியை இறக்கினார். வெளிநாட்டு விமானம் சித்தப்பா, பளபளவென்று. விட்ட ஒவ்வொரு தடவையும் மூக்கால் மண்ணைத் தோண்டுகிறதாம். ரெண்டு விரல் நுனியில் இறக்கையைத் தாங்கிப் பார்த்தேன், மூக்கில் கனம். பேட்டரியைப் பின்னால் தள்ளிவைத்ததும் தராசு மாதிரி நின்றது. உனக்குக் கை நல்லா இருக்கு தம்பி என்றார். டீ வந்தது, குடித்தேன். நன்றி சொல்லிவிட்டு இறங்கி வந்தேன். கேட்டில் வாட்ச்மேன் கேட்டார், "என்னப்பா, சித்தப்பா விஷயம் பேசினியா?"

அப்போதுதான் சித்தப்பா, எனக்கு உங்கள் நினைவே வந்தது.

திரும்பினேன். மாடி ஜன்னலில் மேனேஜர் விமானத்தின் மூக்கைத் தன் பக்கம் திருப்பிவைத்துக்கொண்டு, மடலை ஆட்டி ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். உங்கள் பெயரைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "பின்னால நின்னு பாருங்க சார்" என்றுதான் வந்தது. கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

இனி நான் போன் செய்தால் நீங்கள் குளித்துக்கொண்டே இருங்கள் சித்தப்பா.